தோளில் கிடக்கும் துணியைப் பாருங்கள்
(நெய்யாற்றின்கரை தாலுகாவில் உள்ள கொல்லயிலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய புகைப்படங்களைக் காட்டி நம் நாட்டு விடுதலைக் கதையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சொல்கிறேன். ஆனால் முதலில் காட்டியிருக்க வேண்டிய படம் எடுக்கப்படவே இல்லை. 1858-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் தென் திருவிதாங்கூர்ச் சந்தைகளில், குப்பாயம் என்ற சட்டைக்கு மேலே தோளில் சீலை போட்டு வந்த நாடார் பெண்களை வழிமறித்து, அந்தச் சீலையைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். வேதக்கோயில்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. அந்த நவம்பர் முதல் தேதிதான் விக்டோரியா ராணியின் பிரகடனம் வந்திருந்தது. யாருடைய மத விஷயத்திலும் அரசு தலையிடாது என்றது அது. இந்தப் பெண்களுக்குத் துணை நின்ற மிஷனரிமாரின் பேச்சு இனி எடுபடாது என்று மேல்சாதியார் அதற்குப் பொருள் கொண்டார்கள். கைகள் துணிந்துவிட்டன.

அந்த ஆண்டில் புகைப்படக் கருவி நம் பக்கத்தில் இல்லையா? இருந்தது. மதராஸ் அரசாங்கத்துக்கென்றே அமர்த்தப்பட்ட புகைப்படக்காரர் ஒருவர் இருந்தார். லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி. அதே 1858-ன் தொடக்கத்தில் அவர் மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்; தஞ்சைப் பெரிய கோயிலையும் பிடித்தார். மதுரையிலிருந்து தெற்கே வந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் நம் நாடு. அவர் தாண்டவில்லை. தாண்டச் சொல்லி யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அவருக்கு இட்ட வேலை தூண்களையும் கோபுரங்களையும் பதிவு செய்வது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1859-ல் சார்லஸ் ட்ரெவெல்யன் மதராஸ் கவர்னராக வந்தார். தோள்சீலை விவகாரத்தில் திருவிதாங்கூர் அரசைக் கடுமையாக நெருக்கியவர் அவர். அந்த நெருக்கடியால்தான் உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26-ஆம் தேதி விளம்பரம் வெளியிட்டு, நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று சம்மதித்தார். அதே ட்ரெவெல்யன்தான் அதே ஆண்டில், அரசாங்கத்தின் கையிலிருக்கும் பணத்துக்கு இது ஆடம்பரம் என்று ட்ரைப்பின் புகைப்படப் பணியையும் இழுத்து மூட வைத்தார். நம் பெண்களுக்குச் சீலை கிடைக்கக் காரணமான அதே கை கேமராவையும் மூடியது. இந்த இரண்டு செய்திகளும் வெவ்வேறு புத்தகங்களில் கிடக்கின்றன. சேர்த்து வாசிப்பவர்கள் குறைவு.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ட்ரைப் இந்தப் பக்கம் வந்திருந்தாலும் சந்தைக் கலவரத்தைப் பிடித்திருக்க முடியாது. மெழுகு தடவிய காகித நெகட்டிவில் வேலை செய்தவர் அவர். நிமிஷக் கணக்கில் வெளிச்சம் விழ வேண்டும். அசைகிறவன் படத்தில் புகையாகக் கரைந்துவிடுவான். அதனால்தான் அவர் படங்களில் அவ்வளவு பெரிய கோயில் வாசலிலும் ஆள் அரவம் இல்லை. எதிர்ப்பு என்பதோ அசைவு. ஓடுவது, தள்ளுவது, பிடுங்குவது, திருப்பி அடிப்பது. அந்தக் காலக் கருவிக்கு அகப்பட்டதெல்லாம் அசையாமல் இருந்தவை: கல், மரம், மகாராஜா, பிறகு 'ஆடாமல் இரு' என்று உட்கார வைக்கப்பட்ட ஏழை.

ஆகையால் பழைய படங்களில் போராட்டத்தைத் தேடுகிறவர்கள் கல்லெறியையும் கொடியையும் தேடக் கூடாது. உடுப்பைப் பார்க்க வேண்டும். கையில் என்ன இருக்கிறது, இடுப்பில் என்ன இருக்கிறது, பின்னால் தெரியும் கூரை எது என்று பார்க்க வேண்டும்.

லண்டன் மிஷன் சங்கத்தாரின் படங்கள் நமக்கு மிச்சமிருக்கும் பெரிய சேகரம். அவர்களுடைய காகிதங்கள் லண்டனில் ஸோவாஸ் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. பல நாட்டு மிஷன் படங்களைத் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் இணையத்தில் திரட்டி வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை, திருவனந்தபுரம் என்று தேடிப் பாருங்கள். மண்தரையில் வரிசையாக உட்கார்ந்து லேஸ் பின்னும் பெண்கள், பைபிள் ஸ்திரீகள், உபதேசியார் குடும்பம், ஆஸ்பத்திரித் திண்ணையில் காத்திருப்போர். முதல் பார்வைக்குச் சப்பென்று இருக்கும். பள்ளி ஆண்டுவிழாப் படம் போல எல்லோரும் நேராக முறைத்துக்கொண்டு இருப்பார்கள்.

இனி உடுப்புக்கு வருவோம். 1814-லும் 1829-லும் வந்த உத்தரவுகள், மதம் மாறிய நாடார் பெண்களுக்குக் குப்பாயம் போட அனுமதி தந்தன. குப்பாயம் என்றால் கழுத்திலிருந்து இடுப்புவரை வரும் தொளதொளத்த சட்டை. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் போட்டது. ஆனால் நாயர் பெண்கள் போடுவது போலத் தோளில் குறுக்கே மேல்சீலை போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். நம் பெண்கள் சட்டையும் போட்டார்கள், அதற்கு மேல் சீலையும் போட்டார்கள். சண்டை சட்டைக்கு அல்ல, அந்தச் சீலைக்குத்தான். மானத்தை மறைக்கத்தானே போராடினார்கள் என்று இன்று மேடைகளில் உருகிப் பேசுகிறார்கள். உடலை மறைக்கச் சட்டையே போதும். மேலே கிடந்த துணி, 'நீயும் நானும் ஒன்று' என்று சந்தை நடுவில் சொன்ன துணி. அதனால்தான் கிழித்தார்கள். 1859 விளம்பரமும் முழுச் சம்மதம் தரவில்லை. முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் மூடலாம், வேறு விதமாகவும் மூடலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்று வாலில் ஒரு முடிச்சு போட்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டு மிஷன் படங்களைப் பாருங்கள். முன்வரிசையில் இருக்கும் பைபிள் ஸ்திரீயின் தோளில் வெள்ளைச் சீலை மடிப்புக் கலையாமல் குறுக்கே கிடக்கிறது. மேல்சாதிப் பெண்கள் போடுவது போலவே கிடக்கிறது. விளம்பரம் விலக்கிய அதே முறை! அரசு வேண்டாம் என்று எழுதிய பிறகும் அவள் அப்படிப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் குழலை நேராகப் பார்த்து, ஆடாமல் உட்கார்ந்திருக்கிறாள். மிஷனரிக்கு அது ஊழியம் வளர்ந்ததற்குச் சாட்சி. எனக்கு அது அரச கட்டளையை மீறியதற்குச் சாட்சி. ஒரே படம்தான்.

துணி மட்டுமல்ல. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, ஓலைக் குடிசைக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்று நம்மவர்களுக்கு விலக்கியவை ஒரு பெரிய பட்டியல். பழைய ஸ்டுடியோப் படங்களில் ஐயா ஒருவர் வெயிலே இல்லாத அறைக்குள் மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரித்திருப்போம். காலில் செருப்பு நன்றாகத் தெரியும்படி ஒரு காலை முன்னால் வைத்திருப்பார். ஸ்டுடியோக்காரன் வைத்திருந்த அலங்காரப் பொருள்தானே என்பீர்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் குடையைப் பிடித்ததற்காக அடிபட்டவரின் பேரன் அவர் என்றால், அதை வெறும் அலங்காரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இங்கே நாம் நாடார் கதையோடு நிறுத்திவிடுகிற பழக்கம் உண்டு. நிறுத்தக் கூடாது. 1836-ல் எடுத்த கணக்கில் திருவிதாங்கூரில் 1,60,000-க்கு மேற்பட்டவர்கள் அடிமைகள். பெரும்பாலும் புலையர், பறையர், குறவர். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், ஒற்றிக்கு வைக்கப்பட்டார்கள். 1812-ல் கௌரி லட்சுமி பாய் ராணி அடிமை வியாபாரத்துக்கு ஓரளவு தடை போட்டார். 1853-ல், சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்றார்கள். 1855 ஜூன் 24-ல்தான் முழு விடுதலை விளம்பரம். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிய பள்ளியில் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் உண்டு. லேஸ் பின்னும் பெண்களின் படம் சப்பென்று இருக்கும் என்றேன் அல்லவா? பின்னும் கையைப் பாருங்கள். விடுதலைக்கு விலை சம்பாதித்துத் தந்த தொழிலின் வாரிசுக் கை அது.

ஆனால் அந்தப் படங்களின் அடியில் என்ன எழுதியிருக்கிறது? ஒரு புலையப் பெண். ஒரு பறையர் கூட்டம். வெள்ளைக்காரத் துரைக்கு முழுப்பெயர் உண்டு, பட்டம் உண்டு. கூட நிற்கும் உபதேசியாருக்கு அதிர்ஷ்டம் இருந்தால் பெயர் உண்டு. மற்றவர்களுக்குச் சாதிதான் பெயர். இது மிஷன்காரர்களின் குற்றம் மட்டும் அல்ல. 1868 முதல் 1875 வரை ஃபார்ப்ஸ் வாட்சனும் ஜான் கேயும் எட்டுத் தொகுதிகளாக இந்திய மக்களின் படங்களை வெளியிட்டார்கள். 468 படங்கள், எல்லாம் சாதி வகை, குல வகை. 1857 கலகத்துக்குப் பிறகு, ஆளப்படுகிறவர்கள் யார் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ள அரசுக்கு வந்த அவசரத்தின் விளைவு. மதராஸ் மியூசியத்தின் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளக்கும் கருவியோடு நாடெங்கும் சுற்றி, 1909-ல் ஏழு தொகுதிகள் போட்டார்.

கேமராவைப் பிடித்தவன் இரக்கமானவனா, இல்லையா என்பதும் எனக்கு அவ்வளவு பெரிய கேள்வி இல்லை. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் வில்லபி ஹூப்பர் என்ற ராணுவத்தான் எலும்பும் தோலுமான மனிதர்களைக் கூட்டமாக உட்கார வைத்து எடுத்த படங்கள் இங்கிலாந்துக்குப் போயின. படம் எடுத்த பிறகு அவர்களுக்குச் சோறு போட்டாயா என்று அன்றே பத்திரிகைகள் கேலி செய்தன. அதே படங்கள் பஞ்ச நிதிக்குப் பணமும் திரட்டின. காங்கோவில் ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷனரி அம்மாள் 1904-ல் எடுத்த ஒரு படம் உண்டு. ரப்பர் போதவில்லை என்று கொல்லப்பட்ட மகளின் வெட்டுண்ட கையையும் காலையும் பார்த்தபடி ஒரு தகப்பன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயர் ந்ஸாலா. அந்தப் பெயரைக் குறித்து வைத்தாள் அந்த அம்மாள். மேஜிக் லாந்தர் கூட்டங்களில் திரையிட்ட அந்தப் படங்கள், பெல்ஜிய ராஜாவின் கையிலிருந்து காங்கோவைப் பிடுங்குவதில் பெரிய பங்கு வகித்தன. இதே மேஜிக் லாந்தர்தான் நம் நாட்டுப் படங்களையும் இங்கிலாந்துச் சபைகளில் காட்டியது. காணிக்கைத் தட்டு நிறைய வேண்டுமென்றால் படத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பரிதாபமாகவும் கொஞ்சம் முன்னேறியவர்களாகவும் தெரிய வேண்டும். இரண்டும் அளவோடு. அந்தக் கணக்கையும் படத்தில் வாசிக்கலாம்.

நம்மவர்கள் கப்பலேறிய மொரீஷியஸில் வேறு கதை. 1867-ல் வந்த தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்த கூலியும் தன் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாமல் வெளியே போனால் போலீஸ் பிடிக்கும். ஆளை அடையாளம் கண்டு அடைக்க எடுத்த படங்கள் அவை. இன்று மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் அவை இருக்கின்றன. கொள்ளுப்பேரன்கள் வந்து பாட்டனின் முகத்தைத் தேடுகிறார்கள். அங்கே பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் இருக்கிறது! அடக்க நினைத்தவன் விவரமாக எழுதினான். நம் ஊரில் இரக்கப்பட்டவன் எழுதாமல் விட்டான். இதை என்ன சொல்ல?

இந்தக் கொல்லயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் வெங்ஙானூர். அங்கே 1863-ல் பிறந்த புலையர் தலைவர் அய்யன்காளியின் படம் உங்களில் பலர் வீட்டில் இருக்கும். தலைப்பாகை கட்டி, உடம்பு மூடி, நிமிர்ந்த முகம். 1893-ல் அவர் வில்வண்டி வாங்கி, தலைப்பாகை கட்டி, வெள்ளை வேட்டியும் மேல்துண்டுமாக, புலையர் நடக்கக் கூடாத பொதுவழியில் மாடுகளை விரட்டிக்கொண்டு போனார். அந்த ஓட்டத்துக்குப் படம் இல்லை. ஆனால் அன்று சண்டைக்குக் காரணமான அதே தலைப்பாகையோடுதான் அவர் பின்னால் படத்துக்கு உட்கார்ந்தார். திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் 1980-ல் இந்திரா காந்தி திறந்து வைத்த சிலைக்கும் அதே தலைப்பாகை. அடிமைக் குடியில் பிறந்தவர் தம் உருவம் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்த படம் அது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் இதே வேலையைக் கணக்கு வைத்துச் செய்தார். நூற்றுக்கு மேற்பட்ட படங்களுக்கு உட்கார்ந்து, ஒன்றில்கூடக் குழைந்து சிரிக்காமல் பார்த்துக்கொண்டார்.

தலைப்பாகை என்றால் இன்னொருவரைச் சொல்லாமல் போக முடியாது. சாமித்தோப்பு வைகுண்டர் 1851-ல் மறைந்தார். அவருக்குப் புகைப்படம் கிடையாது. தலையில் துணி கட்டக் கூடாது என்று விலக்கப்பட்டவர்களை, தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் சந்நிதிக்கு வர வேண்டும் என்று சொன்னவர் அவர். அவர் வழியினர் கும்பிடும் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் உள்ளே விக்கிரகம் இல்லை, கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகையோடு நிற்கிறவன் எதிரே தன்னையே காண்கிறான். கேமரா நம் ஊர் ஏழைக்கு எட்டுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, உருவம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இங்கே தீர்ந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

உடுப்பை ஏற்றுக்கொள்வது போலவே கழற்றி எறிவதும் நடந்தது. அந்தக் கால இனவரைவியல் படங்களில் புலையப் பெண்கள் கழுத்து நிறையக் கல்மாலை போட்டிருப்பார்கள். படம் எடுத்தவர்களுக்கு அது ரசமான ஆபரணம். போட்டிருந்தவளுக்கு அது சாதி முத்திரை. வேறு நகை போடக் கூடாது. பெரிநாட்டுக் கலவரத்தைத் தொடர்ந்து 1915-ல் கொல்லத்தில் அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் பெண்கள் அந்த மாலைகளை அறுத்து எறிந்தார்கள். கல்மாலைப் படத்தை அழகு என்று அலங்காரச் சட்டத்தில் மாட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு மாட்டட்டும்.

படமே இல்லாத இடத்தில் பொருள் பேசும். ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற புலையச் சிறுமியை அய்யன்காளி கைப்பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்ததும், அந்தக் கோபத்தில் பள்ளிக்கூடமே கொளுத்தப்பட்டதும் நெய்யாற்றின்கரை தாலுகாவில் எல்லோருக்கும் தெரியும். தீயில் தப்பிய பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளி இன்றும் வைத்திருக்கிறது. 2022-ல் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

1938 ஆகஸ்ட் 31-ல் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்து வீரராகவன் முதலானோர் விழுந்ததும், 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழகத்தோடு இணையப் போராடிய தமிழர் விழுந்ததும் கேமரா நன்றாக வளர்ந்த காலத்துச் செய்திகள். அவை தனிப் பேச்சுக்கு உரியவை. ஒன்று மட்டும் சொல்கிறேன். 1956 நவம்பர் முதல் தேதி களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மதராஸ் மாநிலமாகவும் இந்தப் பக்கம் கேரளமாகவும் ஆனபோது நம் ஆவணங்களும் இரண்டாகப் பிரிந்தன. அந்த இணைப்புப் போராட்டத் தலைவர் நேசமணியின் படம் அந்தப் பக்கப் பாடப்புத்தகத்தில், அய்யன்காளியின் படம் இந்தப் பக்கப் பாடப்புத்தகத்தில். ஒரே சந்தைக்குப் போய் வந்தவர்களின் கதை இரண்டு மொழி அலமாரிகளில் இருக்கிறது.

கைப்பேசியில் வருகிற படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலாடை இல்லாத ஒரு பெண்ணின் பழைய படத்தைப் போட்டு, தோள்சீலைக் கொடுமை என்று எழுதி அனுப்புகிறார்கள். அந்தப் படங்களில் பல, வெள்ளைக்காரர்கள் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வதற்காக ஸ்டுடியோவில் எடுத்துத் தபால் அட்டையாக விற்றவை. நாயர் பெண்களும் ஈழவப் பெண்களும் அதில் உண்டு. அக்கால மலையாள நாட்டில் மேல்சாதிப் பெண்களும் தங்களைவிட மேலானவர் முன்னால் மேல்துணியை எடுக்க வேண்டியிருந்தது. படத்தை எடுத்தவன் யார், யாருக்காக எடுத்தான், எங்கே எடுத்தான் என்று கேட்காமல் அனுப்பினால், அந்தப் பெண்ணை ஒரு முறை விற்றவனோடு நாமும் சேர்ந்து இன்னொரு முறை விற்கிறோம். கோபம் நியாயமானது. சாட்சி சரியாக இருக்க வேண்டும்.

இனி உங்கள் வீட்டுப் பெட்டிக்கு வருகிறேன். பாட்டா பட்டாளத்துக்குப் போகும்முன் எடுத்த படம், அம்மை ஆசிரியர் பயிற்சி முடித்தபோது எடுத்த படம், முதல் ஓட்டு வீட்டின் முன்னால் குடும்பமாக நின்றது, சபை வருஷப் பண்டிகை. லண்டன் காப்பகத்தில் இல்லாத ஒன்று இந்தப் படங்களுக்கு இருக்கிறது: இதில் இருப்பவர்களின் பெயர் சொல்ல இன்னும் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள். எண்பது தாண்டியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயரை எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். லேமினேட் செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் படம் கெடும். பசை ஒட்டும் ஆல்பத்திலிருந்து கழற்ற வராவிட்டால் பிய்க்க வேண்டாம், அப்படியே ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ போதும். சட்டம் போட்ட படம் என்றால், கண்ணாடி படத்தோடு ஒட்டியிராவிட்டால் அதைக் கழற்றி, நிழலில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் எடுத்தாலும் நல்லதே. கூலி வேலைக்கு வந்தவர், கிணறு வெட்டியவர் என்று ஓரத்தில் யாராவது நிற்பார். அவர் பெயரையும் கேளுங்கள். தெரியாவிட்டால் அவர் யார் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தார் என்றாவது எழுதுங்கள். சாதியை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அதைத்தான் தர்ஸ்டன் துரை செய்துவிட்டாரே.

இப்படிப் பெயர் எழுதிய படங்களை ஒன்றாகத் திரட்டலாம்; ஆனால் படங்களை இங்கே ஒப்படைக்கச் சொல்லவில்லை. மூலப்படம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், நகல் போதும். வெளியில் காட்டக் கூடாது என்று வீட்டில் ஒருவர் சொன்னாலும் அந்தப் படத்தை விட்டுவிடுவோம். படத்துக்கு உட்காரச் சொன்னால் மறுக்க முடியாதவர்களாக இருந்தவர்கள் நம் பாட்டிமார். அவர்கள் பேத்திக்கு மறுக்க உரிமை உண்டு.